ஐந்தாவது பயனாளி

ஜூன் 3, திங்கள்

போன மாதம் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் வந்து, தினமும் பத்து நிமிடம் மனதில் இருப்பதை எழுதினால் ரத்த அழுத்தம் குறையும் என்றார். எழுதிப் பார்ப்போம். ஐந்து மாதம் வெறுமையாகக் கிடந்த டைரி இது. என் மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இல்லத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பூரணி பெண் குழந்தைகள் இல்லத்துக்கு நான் கண்காணிப்பாளராக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முப்பத்து நான்கு பிள்ளைகள். ஒன்பது வருடத்தில் ஒரு பதிவேட்டில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை. அது அவர் குறை.

இன்று நல்ல செய்தி. நம் முப்பிடாதிக்கு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பிளஸ் டூவில் 521. ஜூலை 26க்குள் போய்ச் சேர வேண்டும். பதினேழு வயது, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. ஏழு வயதில், அம்மா இறந்த பிறகு வந்தவள். அக்டோபரில் பதினெட்டு முடிகிறது, அதற்குப் பிறகு இல்லத்தில் வைத்துக்கொள்ள விதியில்லை. இந்த இடம் கிடைக்காவிட்டால் எங்கே போவாள் என்று எனக்கே கவலையாகத்தான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. பேன் மருந்து தீர்ந்துவிட்டது.

ஜூன் 5, புதன்

பூனாவில் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று என் மகன் கணபதிராமன் போனில் அழாத குறை. வீட்டு மிக்ஸி சின்னது. இல்லத்துச் சமையலறையில் பெரிய மிக்ஸி சும்மாதான் கிடந்தது. அவனுக்குப் பொடி அனுப்ப மூன்று கிலோ மல்லி வறுத்து ஒரே மூச்சில் அரைத்தேன். பாதியில் கொஞ்சம் புகைந்தது.

முப்பிடாதி ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். "மேடம், சூடாயிட்டுன்னா கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போடணும்" என்றாள். எனக்குச் சொல்லித் தருகிறாள்!

வாங்கும்போதே மட்டமான சரக்கு. அது அதற்குப் பிறகு ஓடவில்லை. சமையல் பூரணம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "யம்மா, முப்பத்திநாலு பிள்ளைக்கும் அம்மியில சட்னி அரைச்சா என் தோள்பட்ட கழண்டுரும்லா" என்கிறாள். பொடி மட்டும் நைசாக வந்திருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. மூன்று முறை படித்தேன்.

'புதுப்பாதை' என்று ஒரு திட்டம். இல்லங்களில் இருந்துகொண்டே போலீஸ் வழக்கிலும் சிக்கிய பிள்ளைகளுக்கு ஆதரவு. வாரம் இரண்டு நாள் மனநல ஆலோசகர் ஒருவர் இல்லத்துக்கே வருவார். ஆறு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, வாசலில் மாட்ட ஒரு பெயர்ப் பலகை. திட்டம் முதலில் தொடங்கும் இல்லத்துக்குக் கலெக்டரே வந்து திறந்து வைப்பார்.

ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று நான் இதுவரை பதினொரு கடிதம் எழுதியிருக்கிறேன். எனக்காக அல்ல. ஜெபக்கனி என்று ஒரு பிள்ளை. பதினான்கு வயது. பஸ் ஸ்டாண்டில் யாருடைய போனையோ எடுத்தாள் என்று போலீஸ் கொண்டுவந்து விட்டது. வந்து மூன்று மாதம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறாள். போடாவிட்டால் கேட்பதில்லை. எனக்குப் பதிவேடு எழுதத் தெரியும், அந்தப் பிள்ளையைப் பேசவைக்கத் தெரியவில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

குறைந்தபட்சம் ஐந்து பயனாளிகள் இருக்க வேண்டுமாம். நம்மிடம் வழக்குள்ள பிள்ளைகள் நான்கு பேர்.

ஜூன் 11, செவ்வாய்

மாவட்ட அலுவலருக்கு போன் செய்தேன்.

"நாலு பேர் இருக்காங்க சார். நாலும் நெசமாவே கஷ்டப்படுத பிள்ளைங்க. நாலு போதாதா?"

"எனக்குப் போதும்மா. சாப்ட்வேர் அஞ்சுக்குக் கீழ எடுக்காது."

"ஒரு பிள்ளைக்காக நான் பதினோரு லெட்டர் போட்டிருக்கேன் சார்."

"அதெல்லாம் பைல்ல பத்திரமா இருக்கும்மா. பதினஞ்சாம் தேதிக்குள்ள அஞ்சு பேர ஏத்துங்க. இல்லன்னா பக்கத்து மாவட்டத்துக்குப் போயிரும். அங்க ஒரு இல்லத்துல ஒன்பது பேர் தயாரா வச்சிருக்காங்க."

என்னமோ ஒன்பது பேரும் அவர்கள் பாடுபட்டு வளர்த்தெடுத்த மாதிரி பெருமையாகச் சொன்னார். முப்பத்து நான்கு பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்ததுதான் நான் செய்த தப்பு என்று தெரிகிறது.

ஜூன் 12, புதன்

மாணவிகள் பதிவேட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன வழக்கு போதும். ஒரே ஒரு புகார், அதற்கு ஸ்டேஷனில் ஒரே ஒரு ரசீது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் வழக்கு என்பதால் பெயர்கூட வெளியே வராது.

வாலு பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. கலெக்டர் வரும் அன்று அவர் முன்னாலேயே எதையாவது செய்து வைப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும். சொன்னால் புரிந்துகொள்கிற, பொறுப்பான, நாலு பேர் முன்னால் நன்றாகப் பேசுகிற பிள்ளையாக இருக்க வேண்டும்.

பெயரைக் குறிக்கும் முன் சாமிக்கு விளக்கேற்றினேன். அது தினமும் ஏற்றுவதுதான்.

ஜூன் 13, வியாழன்

முப்பிடாதியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ஜெபக்கனிக்காக என்பதையும் சொன்னேன். கலெக்டர் வருவதைச் சொல்லவில்லை, அது சம்பந்தமில்லாத விஷயம்.

"நான் என்ன செஞ்சேன்னு எழுதணும் மேடம்?" என்று கேட்டாள்.

"மிக்ஸிய வேணும்னே கெடுத்துட்டேன்னு."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஜெபா பேசிருவாளா மேடம்?" என்றாள்.

"கண்டிப்பா பேசுவா."

கையெழுத்துப் போட்டாள். என்னிடம் கையெழுத்துப் பழகிய பிள்ளை, அட்சரம் முத்து மாதிரி இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு சுடலைமுத்து வந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "மிக்ஸிக்கா யம்மா என்னைய வரச் சொன்னீக?" என்றார்.

"இல்லத்துப் பொருள் ஏட்டையா. வேணும்னே சேதம் பண்ணியிருக்கு."

"எங்க வீட்டுல என் பேரன் டிவிய உடைச்சான். நான் போய் எங்க இன்ஸ்பெக்டர்ட்டயா எழுதிக் குடுத்தேன்?"

"அது வீடு. இது இல்லம்."

அவர் முப்பிடாதியைப் பார்த்தார். அவள் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குற்றவாளி கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு எழுதினார். ரசீது கொடுத்தார். தொப்பியை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துப் போனார்.

ஜூன் 14, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். கூட்டம். கும்பிடாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

சாப்ட்வேர் ஏற்றுக்கொண்டது. ஐந்து பச்சை டிக்.

ஆறு நாற்காலி வந்துவிட்டது. பாலர் பள்ளிக்கு வாங்கியதில் மிச்சம் போலிருக்கிறது, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். பெயர்ப் பலகையில் 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைகளுக்கான ஆதரவு மையம்' என்று தெருக்கோடி வரை தெரிகிற எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பலகையில் பெயர் இல்லைதான். விலாசம் மட்டும் இருக்கிறது.

கலெக்டர் வந்தார். ஏழு நிமிடம் இருந்தார். ஐந்து பிள்ளைகளையும் முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். முப்பிடாதி நன்றியுரை சொன்னாள். "இவ்வளவு நல்லா பேசுத பிள்ள எப்படிம்மா இதுக்குள்ள வந்துச்சு?" என்று கலெக்டருடன் வந்த ஒருவர் கேட்டார். காபி ஆறுகிறது சார் என்றேன்.

ஆலோசகர் பெயர் ரெனிட்டா. நாகர்கோவில் பக்கம். படித்து முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. தோளில் பெரிய பை, பை நிறையப் படிவங்கள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று மத்தியானம் ஜெபக்கனி, "இன்னொரு அப்பளம்" என்றாள்.

பூரணம் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தபோது அந்தப் பிள்ளையின் தட்டில் ஏழு அப்பளம் இருந்தது. ஆளாளுக்குத் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறார்கள். முப்பிடாதி கதவோரம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கண் எரிந்தது. அப்பளம் பொரித்த புகையாக இருக்கலாம்.

ரெனிட்டா என்ன செய்தாள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாளாம். இதற்கா பதினொரு கடிதம் எழுதினேன்! எழுதியது வீண்போகவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

செவிலியர் பள்ளியிலிருந்து சேர்க்கைப் படிவம் வந்தது. ஒன்பதாவது கேள்வி: 'விண்ணப்பதாரர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா? இல்லை என்பதற்குக் காப்பாளர் சான்றளிக்க வேண்டும்.'

காப்பாளர் என்றால் நான்.

படிவத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பிறகு, பூட்டினால் கேள்வி போய்விடுமா என்று திறந்து மறுபடி படித்தேன்.

மாவட்ட அலுவலரிடம் கேட்டேன். "பதினாறாம் தேதி இளைஞர் நீதிக் குழுமத்துல விசாரணை இருக்குல்லா? ஆலோசகர் ரிப்போர்ட் நல்லா வந்தா அன்னைக்கே முடிச்சு விட்டுருவாங்க. இதெல்லாம் ஒரு கேஸாம்மா!" என்றார். நிம்மதி. ரிப்போர்ட் நன்றாகத்தான் வரும். தங்கமான பிள்ளையைப் பற்றி வேறு எப்படி எழுத முடியும்?

ஜூலை 5, வெள்ளி

தொட்டி இன்னும் ஒழுகுகிறது. கொத்தனார் நாளை வருகிறேன் என்று சொல்லி நான்காவது நாளை ஆகிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

ரெனிட்டாவின் அறிக்கையைப் பார்த்தேன். தலை சுற்றிவிட்டது.

நான்கு பிள்ளைகளுக்கும் 'நல்ல முன்னேற்றம்'. முப்பிடாதிக்கு மட்டும் 'செய்த தவறை ஏற்காத நிலை. வருத்தம்: இல்லை. மேலும் பன்னிரண்டு வார ஆலோசனை தேவை. அதுவரை வழக்கை முடிக்கப் பரிந்துரைக்க இயலாது.'

ரெனிட்டாவை உட்காரவைத்துக் கேட்டேன்.

"அவ செஞ்சேன்னு தான சொல்லுதா?"

"சொல்லுதா மேடம். ஆனா ஏன் செஞ்சன்னு கேட்டா பதில் இல்ல. செய்யும்போது மனசுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா 'ஒண்ணுமில்லக்கா'ன்னு சிரிக்கா. கோவம் இல்ல, பயம் இல்ல, வருத்தம் இல்ல. செஞ்ச காரியத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி பேசுதா. என் பாடப் புத்தகத்துல இதத்தான் ரொம்ப மோசமான அறிகுறின்னு போட்டிருக்கு மேடம்."

ஆக, தப்பே செய்யாததால் அவளுக்கு வருத்தம் வரவில்லை, வருத்தம் வராததால் வழக்கு முடியாது. பன்னிரண்டு வாரம் என்றால் அக்டோபர். ஜூலை 26 போய்விடும். அக்டோபரில் அவளுக்குப் பதினெட்டு. இல்லமும் இல்லை, பள்ளியும் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ரெனிட்டா சின்னப் பெண், குழம்பிவிடுவாள். தவிர, ஐந்தாவது ஆள் பொய் என்று தெரிந்தால் திட்டம் போய்விடும், திட்டம் போனால் ரெனிட்டா வரமாட்டாள், ஜெபக்கனி மறுபடி வாயை மூடிக்கொள்வாள். இதையெல்லாம் யோசித்துத்தான் நான் சொல்லவில்லை. எனக்கு மெமோ வரும் என்பது கடைசிக் காரணம்தான்.

ஜூலை 13, சனி

ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தேன். குழுமத்தின் முன்னால் முப்பிடாதி உருகி அழுதால் அறிக்கையை யார் பார்க்கப் போகிறார்கள்?

மதியம் அலுவலக அறையில் நிற்கவைத்தேன். "நீதிபதி அம்மா கேப்பாங்க. தலையக் குனிஞ்சுக்கோ. ஆத்திரத்துல செஞ்சுட்டேன், இனி செய்ய மாட்டேன்னு சொல்லி அழணும்."

"ஆத்திரத்துல செஞ்சுட்டேன், இனி செய்ய மாட்டேன்" என்று பிளஸ் டூ செய்யுள் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"அழுகை எங்க?"

"வரலியே மேடம்."

"அம்மாவ நினைச்சுக்கோ."

"அம்மாவ நினைச்சா எனக்குச் சிரிப்புதான் மேடம் வரும். அது ரொம்ப கேலி பண்ணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வருடமாக இந்த இல்லத்தில் இருக்கிறாள், ஒரு அழுகை வரவில்லை என்றால் என்ன பிள்ளை! "இங்க பாரு, இப்படி" என்று நானே எழுந்து அவள் இடத்தில் நின்றேன். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அதற்குமேல் ஆத்திரத்தில் என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. "என் பேரு நல்லா இருக்கணும்னு செஞ்சேன். கேக்க ஆளில்லாத பிள்ளைன்னு தெரிஞ்சே செஞ்சேன். சொன்னா தட்டாதுன்னு தெரிஞ்சு செஞ்சேன். தப்பு பண்ணிட்டேன், என்னய மன்னிச்சிருங்க" என்று வாய் பாட்டுக்குப் போனது. அழுகை வந்தது. எடுத்துக்காட்டுக்காகத்தான் ஆரம்பித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை. முந்தானை நனைந்துவிட்டது.

முப்பிடாதி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"இப்படித்தான் தத்ரூபமா நடிக்கணும்" என்றேன்.

"சரி மேடம்" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

குழுமம். பழைய நூலகக் கட்டடத்தின் மாடி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீதிபதி அம்மா, ஒரு பக்கம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், இன்னொரு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண். ரெனிட்டாவும் ஏட்டு சுடலைமுத்துவும் வந்திருந்தார்கள். முப்பிடாதி இஸ்திரி போட்ட சுடிதார், எண்ணெய் வைத்துப் பின்னிய சடை. குற்றவாளி மாதிரி கொஞ்சம் கலைந்து வா என்று சொல்ல மறந்துவிட்டேன்.

"மிக்ஸிய நீதான் கெடுத்தியாம்மா?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"வருத்தமா இருக்கா?"

"இருக்கும்மா. பூரணத்தக்கா அம்மியில அரைக்காக. தோள்பட்ட வலின்னு தினமும் தைலம் தேய்க்காக."

"அது சரி. நீ செஞ்சதுக்கு வருத்தமா இருக்கான்னு கேக்கேன்."

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன், தலையைக் குனி என்று கையைக் காட்டினேன். அவள் குனிந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று பெரிய மனிதர்கள் ஒரு சொட்டுக் கண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பொய் அழுகை அழத் தெரியவில்லை.

நீதிபதி அம்மா ரெனிட்டாவின் அறிக்கையைப் புரட்டினார். "பன்னிரண்டு வாரம் கேட்டிருக்காங்க. அக்டோபர் எட்டாம் தேதிக்கு வச்சிரலாம்" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

முப்பிடாதி அப்போதும் அழவில்லை. வழக்கு முடிந்துவிடும் என்று நம்பி காலையில் நான் எடுத்துக் கொடுத்திருந்த சேர்க்கைப் படிவத்தை மட்டும் நாலாக மடித்தாள். பிறகு எட்டாக.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அம்மா, அந்தப் பிள்ள செய்யல. நான்தான் செஞ்சேன். என் மகனுக்கு மல்லிப்பொடி அரைச்சேன், மிக்ஸி புகைஞ்சு போச்சு. திட்டத்துக்கு அஞ்சு பேர் வேணும்னாங்க, எங்கிட்ட நாலு பேர்தான் இருந்தாங்க. அதனால இவ பேர எழுதுனேன். கையெழுத்துப் போடுன்னேன், போட்டா. இதுல அவளுக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது."

தட்டச்சுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு கண்காணிப்பாளரப் பாத்ததில்ல. பெத்த தாய்கூட பிள்ளைக்காகத் தன்மேல பழியப் போட்டுக்க மாட்டாங்க" என்றார்.

"இல்லம்மா, நெசமாவே நான்தான்..."

"புரியுதும்மா. உக்காருங்க."

"நெசத்தத்தான் சொல்லுதேன்!"

"உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று தலைமை ஆசிரியர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் மூக்கை உறிஞ்சினார்.

வழக்கு இன்றே முடிந்தது. உத்தரவில், 'இத்தகைய தாயுள்ளம் கொண்ட காப்பாளரின் அரவணைப்பில் உள்ள பிள்ளைக்கு மேற்கொண்டு ஆலோசனை தேவையில்லை' என்று எழுதச் சொன்னார்கள். தொண்டு நிறுவனத்துப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரெனிட்டா மட்டும் கிட்டே வரவில்லை. என்னையும் முப்பிடாதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படியிறங்கும்போது ஏட்டு பக்கத்தில் வந்து, "நீங்க சொன்னது அவ்வளவும் நெசம்னு எனக்குத் தெரியும் யம்மா. மோர் வாங்கிக் குடிக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான நானும் எழுதுனேன்" என்றார்.

பஸ்ஸில் முப்பிடாதி எட்டாக மடித்த படிவத்தைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள்.

ஜூலை 18, வியாழன்

மாவட்ட அலுவலர் போன் செய்தார். குழுமத்தின் உத்தரவு கலெக்டர் வரை போய்விட்டதாம். சுதந்திர தின விழாவில் சிறந்த கண்காணிப்பாளர் என்று பாராட்டுச் சான்றிதழுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறார்களாம். "என்னம்மா ஒரு பேச்சு பேசினீங்களாமே!" என்றார்.

ஒன்பது வருடமாக நான் எழுதியதையெல்லாம் நம்பினார்கள். முதல்முறையாக உண்மையைச் சொன்னேன், அதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னது பொய், எழுதினால் ரத்த அழுத்தம் குறைவதாகத் தெரியவில்லை.

தொட்டிக்குக் கொத்தனார் வந்தார்.

ஜூலை 24, புதன்

முப்பிடாதியை பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு பெட்டி, ஒரு வாளி, ஒரு தலையணை. ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தை எழுத இவ்வளவு பாடு.

எல்லாப் பிள்ளைகளும் வாசலில் நின்று கையாட்டினார்கள். ஜெபக்கனி, "போயிட்டு வாக்கா" என்றாள். முப்பிடாதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். எட்டு நாளைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நேரம் இருந்தது. அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். ஒத்திகை எதுவும் இல்லாமல், "எம்மேல கோவமா இருக்கியாட்டி?" என்று கேட்டேன்.

"கோவம் இருந்துச்சு மேடம். ஜெபா பேசுன அன்னைக்குக் கொஞ்சம் போச்சு. நீங்க எந்திச்சு நின்ன அன்னைக்குக் கொஞ்சம் போச்சு."

"மிச்சம்?"

"மிச்சம் இருக்கு மேடம்."

அதைச் சிரிக்காமல் சொன்னாள். நியாயம்தான் என்றேன்.

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். படியில் நின்றுகொண்டு திரும்பினாள்.

"மேடம், இப்ப மறுபடி நாலு பேராயிட்டுல்லா? அஞ்சாவது ஆளா யாரப் போடப் போறீங்க?"

யாரையும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அவள் உள்ளே போகாமல் படியிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜூலை 25, வியாழன்

அவள் கேட்டது சரிதான். காலையிலேயே கடிதம் வந்துவிட்டது. பயனாளிகள் எண்ணிக்கை நான்காகக் குறைந்துவிட்டதால், ஒரு வாரத்துக்குள் ஐந்தாவது பயனாளியைச் சேர்க்காவிட்டால் திட்டம் ரத்து.

மாணவிகள் பதிவேட்டை எடுத்தேன். முப்பத்து மூன்று பெயர். முதல் பக்கத்தைத் திறந்ததும் விரல் தன்னால் பெயர்ப் பட்டியலில் கீழே ஓடியது. கணக்கெடுக்கிற மாதிரி, பொறுப்பான பிள்ளை, தட்டாத பிள்ளை என்று. பழக்கம். என் விரலைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பதிவேட்டை மூடிவிட்டேன்.

குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். ஏட்டு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு புகார் எழுதணும் ஏட்டையா."

"இன்னைக்கு எந்தப் பிள்ள யம்மா?" என்று அலுத்துக்கொண்டே நோட்டை எடுத்தார்.

"பிள்ள இல்ல. சண்முகவடிவு, வயசு அம்பத்துநாலு. கண்காணிப்பாளர். ஒரு பிள்ளமேல தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தது."

அவர் பேனாவை மூடிவிட்டார். "யம்மா, ஆகஸ்ட் பதினஞ்சுக்கு உங்களுக்குச் சான்றிதழ் குடுக்காகன்னு ஊரெல்லாம் பேச்சு. உங்களுக்கு என்னத்துக்கு இது? தவிர, இத நான் எழுதுனா தெரிஞ்சே வாங்குன என் பேரையும்லா எழுதணும்?"

"எழுதுங்க."

வெளியே எட்டிப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஜீப் இல்லை என்று தெரிந்துகொண்டார். "ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு எனக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். இரண்டு பேர் பெயரையும் எழுதினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

ரசீதை இணைத்துப் படிவம் நிரப்பினேன். ஐந்தாவது பயனாளி: ச. சண்முகவடிவு. வயது 54. சாப்ட்வேர் எடுக்காது என்று தெரியும். எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று யாராவது ஒரு மனிதர் அதைப் படித்துத்தானே ஆக வேண்டும்? படிக்கிறவருக்காக, ஜெபக்கனியைப் பற்றி ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்தேன். நான்கு பிள்ளைகளுக்கு உதவ ஐந்தாவதாக ஒரு பிள்ளையைக் கெடுக்கச் சொல்லாதீர்கள் என்று எழுதினேன். பன்னிரண்டாவது கடிதம். அடித்தல் திருத்தல் நிறைய விழுந்துவிட்டது. அப்படியே தபாலில் சேர்த்தேன்.

பிறகு ரெனிட்டாவுக்கு போன் செய்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ஏன் மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டாள் கடைசியில். திட்டுகிற குரல் இல்லை. பிள்ளைகளிடம் கேட்பாளே, அந்தக் குரல்.

சொல்ல ஆரம்பித்தேன். அது ஒரு போனில் சொல்லி முடிகிற காரியமாக இல்லை.

"செவ்வாய்க்கிழமை திட்டம் இருக்கோ இல்லையோ நான் ஜெபாவப் பாக்க வருவேன் மேடம். பத்து மணிக்கு அவ. பதினோரு மணிக்கு நீங்க வாங்க" என்றாள்.

வருகிறேன் என்றேன்.